மீனுக்குள் புழு, தொண்டைக்குள் முள்

மேடையேறிப் பேசுகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். உங்கள் பேச்சில் 'புழு' என்ற சொல் வருமானால் அதைக் கடைசி வரியில் வையுங்கள். முதல் வரியில் வைத்துவிட்டால், அதற்குப் பிறகு நீங்கள் என்ன சொன்னாலும் யார் காதிலும் விழாது. பயிற்சிக் கல்லூரியில் எனக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. அங்கே போவதற்கு முன்பே, பத்தொன்பது வயதில், ஒரு தோட்டமே திரண்டு நின்று வேடிக்கை பார்க்க, அதைக் கற்றுக்கொண்டுவிட்டேன்.

எழுபதுகளின் கடைசி அது. கம்போங் ராஜா என்ற மலையூருக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். அப்பாவுக்குத் தேயிலை ஆலையில் வேலை. அம்மா கொழுந்து எடுப்பவர். நான் பள்ளியிறுதியான ஐந்தாம் படிவம் தேறி, தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் தற்காலிக ஆசிரியை ஆகியிருந்தேன். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அதுவரை பேனா பிடித்து யாரும் சம்பளம் வாங்கியதில்லை. அதனால் எனக்குத் தலை கொஞ்சம் கனத்திருந்தது. மழை இல்லாத நாளிலும் குடை பிடித்துக்கொண்டுதான் பள்ளிக்குப் போவேன். (எங்கள் ஊரில் மழை இல்லாத நாள் என்று ஒன்று கிடையாது என்பது வேறு விஷயம்.) தெரு முனையில் யாராவது தும்மினால்கூட நின்று, கைக்குட்டையின் பயன்களை எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் நகர்வேன். ஜனங்கள் என்னைத் தூரத்தில் பார்த்ததுமே தும்மலை அடக்கப் பழகியிருந்தார்கள்.

முனியாண்டிச் சித்தப்பா என் அப்பாவுக்கு ஒரே தம்பி. பல வருடங்களாக முதுகில் மருந்துத் தொட்டியைக் கட்டிக்கொண்டு, தேயிலைச் சரிவுகளில் களைக்கு மருந்தடித்தவர். அதில் அவருக்கு மூச்சிரைப்பு வந்துவிட்டது. தோட்டத்து மருந்தகத்தில் ஒரு டிரசர் இருந்தார். ஊசி போடுவது, கட்டுப் போடுவது, பிள்ளைப்பேறு, பல்வலி எல்லாம் அவர்தான். எங்களுக்கு டாக்டர் என்றாலே அவர் முகம்தான் ஞாபகம் வரும். அவர் சித்தப்பாவின் நெஞ்சில் குழலை வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்ச நாளு இந்தத் தொட்டியத் தூக்குனே, அப்புறம் உன்னைய நாலு பேரு தூக்க வேண்டி வரும்" என்று சொல்லிவிட்டார்.

சித்தப்பா மறுவாரமே வேலையை விட்டார். திரிங்காப்பில் முட்டைக்கோஸ் பயிரிடும் சிநேகிதர் ஒருவருடைய லோரியில் தொற்றிக்கொண்டு கீழே ஈப்போ நகரத்துக்கு இறங்கினார். கோஸை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் லோரியில், ஐஸ் போட்ட மீன் பெட்டிகளோடு ஏறி வந்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் எங்கள் தோட்டத்துக்கு மீன் வந்தது.

மலை உச்சிக்குக் கடல் மீன் வருவதென்றால் அந்தக் காலத்தில் அது ஒரு திருவிழா. அடிவாரத்துத் தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் ஒரே சாலை. நாங்கள் அந்தச் சாலையின் கடைசியில் இருந்தோம். தானா ராத்தா, பிரிஞ்சாங், திரிங்காப், கோலா தெர்லா என்று எல்லா ஊரையும் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் மீன் எங்களிடம் வரும். சித்தப்பாவின் மீனில் முட்டைக்கோஸ் வாசனை அடிக்கும். (அந்த லோரிக் கோஸில் மீன் வாசனை அடிக்கிறது என்று ஈப்போவில் புகார் இருந்ததாம்.) இருந்தாலும் லோரியின் ஹாரன் சத்தம் கேட்டால் போதும். பனிமூட்டத்துக்குள்ளிருந்து பெண்கள் சட்டியும் கையுமாக ஓடி வருவார்கள். சித்தப்பா பெட்டியின் மேல் நின்றுகொண்டு, "வா லா, வா லா! கண்ணத் தொறந்துக்கிட்டு இருக்கு பாரு, உன்னையத்தான் தேடுது!" என்று கெம்போங் மீனின் வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டுவார். மருந்துத் தொட்டியைச் சுமந்த காலத்தில் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

எங்கள் வீட்டுக்கு என்று எப்போதும் ஒரு பொட்டலம் தனியாக வரும். அன்றும் வந்தது.

"இந்தா தாயி, டீச்சருக்குன்னு எடுத்து வெச்சது. வயிறு கொழுத்த மீனு."

குழாயடியில் உட்கார்ந்து அறுத்தேன். மற்றவர்கள் குடலை உருவி எறிந்துவிட்டு அடுத்த மீனுக்குப் போவார்கள். நான் படித்தவள் ஆயிற்றே, உற்றுப் பார்த்தேன். குடலை ஒட்டி, கடிகாரத்துக்குள் இருக்கும் சுருள்கம்பி மாதிரி, வெள்ளையாய், மெல்லிசாய், ஏதோ சுருண்டு கிடந்தது. ஒன்றல்ல, பல.

அம்மா எட்டிப் பார்த்தார். "அது நரம்புடி. எல்லா மீன்லயும் இருக்கும். கழுவி வுடு."

ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் விட்டு, அந்த நரம்பைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் நரம்பு நிமிர்ந்தது. சோம்பல் முறித்தது. கிண்ணத்தின் ஓரமாக நீந்திப் போனது.

"நரம்பு நடக்குமாம்மா?"

அம்மா கிண்ணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அடுப்பில் கொதித்த புளிக்கரைசலைப் பார்த்தார். பிறகு, "வேகட்டும், செத்துப் போயிரும்" என்று சொல்லிவிட்டு மிளகாய் அரைக்கப் போனார். இந்தக் கதையில் வரும் அத்தனை பேரிலும் சரியான அறிவியல் அம்மாவிடம்தான் இருந்தது என்பது எனக்கு அப்போது தெரியவில்லை. அன்று ராத்திரி நாங்கள் எல்லோரும் அந்த மீனைத்தான் சாப்பிட்டோம், நானும் இரண்டாவது முறை குழம்பு வாங்கித்தான் சாப்பிட்டேன் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஆனால் புழுக்களை நான் எறியவில்லை. ஹார்லிக்ஸ் போத்தலில் போட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். டிரசரிடம் காட்டிக் கேட்டேன். அவர் வாயில் சிகரெட்டோடு ஒரு பார்வை பார்த்தார். "கடல் மீன்ல இருக்கிறதுதான். உருளைப் புழுவோட குஞ்சு. வேகவெச்சாச் செத்துப் போயிடும். பச்சையாத் தின்னாத்தான் வயித்தக் கடிச்சு வைக்கும். நம்ம ஆளுங்க எவன் பச்சையாத் தின்னுறான்? போ, போய் ஒண்ணாம் வகுப்பப் பாரு."

அதோடு போயிருக்க வேண்டிய விஷயம். அந்தச் சமயம் பார்த்துப் பள்ளியில் சுகாதார விழா வந்தது.

எங்கள் தலைமையாசிரியர் தமிழ் மேல் உயிரையே வைத்திருந்தவர். வருகைப் பதிவு எடுக்கும்போதுகூட எதுகை மோனை வருமா என்று பார்ப்பார். "பெற்றோர்களெல்லாம் வருகிறார்கள், தோட்ட அலுவலகக் கிராணி குடும்பத்தோடு வருகிறார், புதுமையாக ஒருவர் பேச வேண்டும் கமலா" என்றார். நான் போத்தலை எடுத்து மேசைமேல் வைத்தேன். அவர் கண்களில் ஒளி வந்தது.

பேச்சை நான் இரண்டு பக்கம் எழுதினேன். அவர் திருத்தினார். நான் எழுதிய முதல் வரி, 'மீனில் சில சமயம் புழு இருக்கும்' என்பது. அவர் திருத்திய முதல் வரி இது: "அன்பார்ந்த பெற்றோர்களே! நேற்று நீங்கள் சுவைத்து உண்ட மீனின் வயிற்றுக்குள், ஒரு புழு சுருண்டு படுத்து, உங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்ததை நீங்கள் அறிவீர்களா?"

"புழு சிரிக்காதுங்க சார்" என்றேன்.

"இலக்கியத்தில் சிரிக்கும்" என்றார்.

இரண்டாம் பக்கத்தில்தான் சரக்கு இருந்தது. புழு இருப்பதால் மீன் கெட்டதாகாது, மீன் கிடைத்ததும் குடலை எடுத்துவிட்டு நன்றாகக் கழுவிக் கொதிக்கவைத்தால் ஒரு கெடுதலும் வராது, ஆகவே பயமின்றி மீன் உண்போம் என்று முடியும். அருமையான முடிவு. இன்றுவரை அதை யாரும் கேட்டதில்லை.

விழா ஞாயிற்றுக்கிழமை காலையில். சித்தப்பா முதல் ஆளாக வந்திருந்தார். அண்ணன் மகள் மேடையில் பேசப் போகிறாள் என்று பிள்ளைகளுக்கெல்லாம் ஆரஞ்சுத் தண்ணீர் ஒரு பெட்டி அவரே கொண்டுவந்து, கூடத்தின் பின்னால் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார். நான் மேடையேறியதும் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கித் தட்டினார். போத்தலை உயர்த்திப் பிடித்தேன். முதல் வரியைச் சொன்னேன்.

ஒரு நிமிடம் கூடத்தில் மூச்சுச் சத்தமே இல்லை.

என் பேச்சில் மயங்கிப்போய்விட்டார்கள் என்று நினைத்தேன். அந்த மயக்கத்தை இன்னும் கொஞ்சம் நீட்டிக்கலாம் என்று, எழுதாத ஒன்றையும் செய்தேன். மேடையை விட்டு இறங்கி, போத்தலை முன் வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களின் முகத்துக்கு நேராகக் கொண்டுபோனேன். போத்தலுக்குள் ஒரு புழு நல்ல நேரம் பார்த்து நெளிந்தது. கிராணியின் மனைவி காலையில் பழைய மீன்குழம்பு ஊற்றித் தோசை சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார். அது எல்லோருக்கும் உடனே தெரிய வந்தது. அவர் மடியில், என் சேலையில், தலைமையாசிரியர் காலில் போட்டிருந்த வெள்ளைச் சப்பாத்தில்.

அதைப் பார்த்துப் பக்கத்திலிருந்தவர் ஆரம்பித்தார். அவரைப் பார்த்து அவருக்குப் பின்னாலிருந்தவர். பிள்ளைகள் "டீச்சர், அது சிரிக்குதா?" என்று கேட்டுக்கொண்டே என்னைச் சூழ்ந்தார்கள். நான் இரண்டாம் பக்கத்தைக் கத்திப் படித்தேன். "வேகவைத்தால் ஒன்றும் ஆகாது! வேகவைத்தால்..." கூடம் பாதி காலியாகியிருந்தது.

பின்னால் பார்த்தேன். சித்தப்பா ஆரஞ்சுப் பெட்டியை விட்டு எழுந்து நின்றிருந்தார். தட்டுவதற்காகத் தூக்கிய கைகள் இன்னும் பாதி உயரத்திலேயே இருந்தன.

வெளியே வந்ததும் மெதுவாகக் கேட்டார்.

"தாயி, அது யாரு மீனு?"

"உங்க மீனுதான் சித்தப்பா."

"ஓ" என்றார். பிறகு, "நல்லாப் பேசுனே. கொரலு பின்னால வரைக்கும் கேட்டுச்சு" என்றார்.

அடுத்த சனிக்கிழமைக்குள் என் புழு வளர்ந்துவிட்டது. நான் காட்டியது விரல் நகத்தளவு. எங்கள் லயத்திலேயே அது ஒரு சாண் ஆனது. கோலா தெர்லாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது, மீனுக்குள்ளே பாம்பு இருந்ததாகவும் அதை டீச்சர் கையால் பிடித்ததாகவும் ஆகியிருந்தது. பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா, தன் புருஷனுக்கு ஞாபகமறதி வந்ததே இந்தப் புழு மூளைக்கு ஏறியதால்தான் என்று கண்டுபிடித்தார். (அந்த மாமாவுக்குக் கள்ளுக்கடையிலிருந்து வீட்டுக்கு வரும் வழி மட்டும்தான் மறக்கும்.) தொப்புளைச் சுற்றி லேசாக வலித்தவர்களெல்லாம் மருந்தகத்துக்கு ஓடினார்கள். வரிசை வாசல் தாண்டிப் போனது. டிரசர் ஒவ்வொருவருக்கும் பூச்சி மருந்து ஊற்றிக் கொடுத்துக்கொண்டே, ஜன்னல் வழியாக என் பள்ளிக்கூடத்தை முறைத்துப் பார்த்தார்.

சனிக்கிழமை பிற்பகல் ஹாரன் அடித்தது. ஒரு கதவும் திறக்கவில்லை. மறுபடி அடித்தது. அஞ்சலை அக்கா மட்டும் வெறுங்கையோடு போய், எட்ட நின்று, "முனியாண்டி, உள்ள இருக்கா?" என்று கேட்டார்.

"என்னாக்கா?"

"அதான். சிரிக்குமே."

"இருந்தாலும் குடல எடுத்துட்டு வேகவெச்சா ஒண்ணும் ஆகாதுக்கா. எங்க கமலாவே அதத்தான் சொன்னுச்சு."

"அப்ப இருக்குதுன்ற!" என்று அக்கா திரும்பி நடந்தார். ஜனங்கள் கடைக்குப் போய்ச் சார்டின் டின்களை அள்ளிக்கொண்டு வந்தார்கள். (சார்டினும் மீன்தான் என்று ஒருவரிடம் சொல்லிப் பார்த்தேன். "அதான் டின்னுல அடைச்சுட்டாங்களே, எப்படிலா உள்ள போகும்?" என்றார்.)

பெட்டிகள் அப்படியே வீட்டுக்கு வந்தன. எங்கள் வீடும் பக்கத்திலிருந்த சித்தப்பா வீடும் காலையில் மீன், மதியம் மீன், ராத்திரி மீன் என்று தின்று பார்த்தோம். முடியவில்லை. மிச்சத்தைக் கருவாடு போடலாம் என்று அம்மா உப்புத் தடவி, துணி காயும் கொடியில் வரிசையாகத் தொங்கவிட்டார். கருவாட்டுக்கு வெயில் வேண்டும். எங்கள் மலையில் நாங்கள் துவைத்த துணியையே அடுப்புக்கு மேல் கட்டித்தான் காய வைப்போம். பனி இறங்கியது, மீன் நனைந்தது. மழை பெய்தது, இன்னும் நனைந்தது. நாளாக ஆக அது கருவாடும் ஆகாமல் மீனாகவும் இல்லாமல் ஊசலாடியது. தோட்டத்துப் பூனைகள் எல்லாம் கொடிக்குக் கீழே குடியேறின. லயத்தில் ஜன்னல்கள் சாத்தப்பட்டன.

பாக்கியம் சித்தி என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். சொல்ல வேண்டியதையெல்லாம் பூனைகளிடம் சொன்னார். "நல்லாத் தின்னுங்க. படிச்சவங்க புண்ணியத்துல உங்களுக்காச்சும் வயிறு ரொம்பட்டும்."

சித்தப்பா ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அடுத்த வாரம் பாதி மீன்தான் எடுத்து வந்தார், அதுவும் போகவில்லை. அதற்கடுத்த வாரம் லோரி ஹாரனே கேட்கவில்லை. எதிரில் பார்த்தால் "சாப்பிட்டியா தாயி?" என்று எப்போதும் போலக் கேட்பார். அவர் திட்டியிருந்தால் நான் ஒரு மூச்சு அழுதுவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

ஒருநாள் சாயங்காலம் அப்பா வேலை முடிந்து வந்து, தேத்தண்ணீரை ஆற்றிக்கொண்டே, யாரிடமும் சொல்லாததுபோலச் சொன்னார்:

"தம்பி கிராணியப் பாத்துட்டு வந்துட்டான். திங்கக்கெழமையிலிருந்து பழையபடி மருந்தடிக்கப் போறானாம்."

அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். சுவருக்கு அந்தப் பக்கம் சித்தப்பா இருமுவது கேட்டது. எங்கள் லயத்துச் சுவர்களுக்குக் காது மட்டுமல்ல, நுரையீரலும் உண்டு. அந்த இருமலை அத்தனை வருடம் கேட்டிருக்கிறேன். அன்றுதான் அது ஓயும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

எழுந்து சித்தப்பா வீட்டுக்குப் போனேன். சித்தி அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"சித்தப்பா, இந்த வாரம் மீன் எடுத்துட்டு வாங்க. கொஞ்சமாப் போதும். ஞாயித்துக்கெழம பெரட்டுக்களத்துல, எல்லாரும் பாக்க, நான் சாப்புடுறேன். நான் கெளப்புனதுதானே, நானே அடக்குறேன்."

பெரட்டுக்களம் என்பது காலையில் வேலையாட்களை நிறுத்திப் பேர் கூப்பிடும் மைதானம். நான் ஏதோ தீக்குளிக்கப் போகிறவள் மாதிரி நின்றிருந்தேன். சித்தப்பா சிரிப்பை அடக்கிக்கொண்டது தெரிந்தது. சித்தி அடுப்பிடம் சொன்னார்: "குழம்பு நான் வெக்கிறேன். ஆனா மீன அவதான் அறுக்கணும். எல்லாரு முன்னாலயும் அறுக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை களத்தில் கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். எங்கள் தோட்டத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு பொழுதுபோக்கு கிடையாது. நடுவே கல் கூட்டி அடுப்பு, பெரிய அண்டா, சித்தி. தலைமையாசிரியர் வரவேற்புரை ஆற்றினார். (யாரும் கேட்கவில்லை. அவர் எப்போதும் தயாராகவே வருவார்.) நான் மீனை அறுத்தேன். குடலில் ஒரு சுருளைக் காட்டினேன். கூட்டம் ஓரடி பின்வாங்கியது. குடலை மண்ணில் புதைத்தேன். மீனைக் கழுவிக் கழுவிச் சித்தியிடம் கொடுத்தேன். புளியும் மிளகாயும் வெந்தயமும் மணக்க அது கொதி கொதி என்று கொதித்தது. குளிர் காற்று அந்த வாசனையைத் தூக்கிக்கொண்டு லயம் லயமாகப் போனது.

சோறு வைத்து, மேலே குழம்பு ஊற்றி, நடுவே ஒரு முழு மீனை வைத்துச் சித்தப்பா தட்டை என் கையில் கொடுத்தார். "மெதுவாச் சாப்புடு தாயி" என்றார்.

மெதுவாகச் சாப்பிட்டிருக்கலாம். சும்மா சாப்பிட்டிருக்கலாம். ஆனால் இருநூறு முந்நூறு பேர் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது என்னால் பேசாமல் இருக்க முடியுமா? ஒரு பெரிய துண்டை வாயில் போட்டேன். மென்றுகொண்டே கையை உயர்த்தினேன்.

"அன்பார்ந்த பெற்றோர்களே! இதோ நான்..."

தொண்டையில் குத்தியது.

பாழாய்ப்போன முள். குறுக்காகப் போய் நின்றுவிட்டது. மூச்சு சரியாக உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. கண்ணில் நீர் கொட்டியது. தட்டு கீழே விழுந்தது. எப்படியாவது விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று தொண்டையைப் பிடித்துக்கொண்டு, "முள்ளு! முள்ளு!" என்று கத்தினேன்.

மூக்கும் தொண்டையும் அடைத்திருக்கும்போது 'மு' என்று சொல்லிப் பாருங்கள். 'பு' என்றுதான் வரும்.

"புள்ளு! புள்ளு!"

"ஐயய்யோ! புளுவாம்! புளு தொண்டையப் புடிச்சிருச்சு!" என்று அஞ்சலை அக்கா போட்ட சத்தம் கம்போங் ராஜா காப்பிக்கடை வரை கேட்டிருக்கும்.

நான் தலையை ஆட்டி இல்லை இல்லை என்றேன். அந்த ஆட்டத்தைப் பார்த்து, "மூளைக்கு ஏறுது! பாரு, தல ஆடுது!" என்றார் இன்னொருவர். ஒருவர் என் முதுகில் குத்தினார். ஒருவர் வாழைப்பழத்தை உரித்து வாயில் திணித்தார். யாரோ ஒரு வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றினார்கள். (எதற்கென்று இன்றுவரை தெரியவில்லை.) தலைமையாசிரியர், "அமைதி! அமைதி காக்க!" என்று கூட்டத்துக்குள்ளே சுற்றிச் சுற்றி ஓடினார்.

தோட்டத்து லேண்ட்ரோவர் பக்கத்தில் நின்றது. சித்தப்பா என்னை அலாக்காகத் தூக்கி அதில் போட்டுக்கொண்டு தானும் ஏறினார். டிரைவர் கிளப்ப, சரிவில் வண்டி குலுங்கிக் குலுங்கி இறங்கியது. என் தலை அவர் மடியில். மேலே பார்த்தேன். மூச்சிரைப்புக்காரர், என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியதில் அவருக்கும் மூச்சு வாங்கியது. முகமெல்லாம் கண்ணீர்.

"மீனு வேணாம், யாவாரம் வேணாம் தாயி. நீ எத்தன புழு வேணாலும் காட்டு. மூச்ச மட்டும் வுடு. வுடு தாயி."

அந்த நேரத்தில் இரண்டு பேரும் சேர்ந்துதான் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தோம்.

மருந்தகத்தில் டிரசர் ஒரு கையில் டார்ச் லைட்டும் மறு கையில் இடுக்கியுமாக என் வாயைத் திறந்தார். அவர் முகத்தில் இத்தனை நாள் கோபமும் இருந்தது. "பேசியே ஊரக் கெடுத்தே, இப்பக் கொஞ்சம் பேசாம இரு" என்றபடி ஒரே இழுப்பு. வந்துவிட்டது. காற்று உள்ளே போனது. உலகத்திலேயே ருசியான பொருள் அந்தக் காற்றுதான். டிரசர் இடுக்கியோடு வாசலுக்குப் போனார். கூட்டத்தில் பாதி அங்கே மூச்சு வாங்க நின்றிருந்தது.

"நல்லாப் பாருங்க! முள்ளு! வெறும் முள்ளு! ஆளு உசுரோட இருக்கு!"

அஞ்சலை அக்காதான் முதலில் சிரித்தார். "புள்ளு புள்ளுன்னியே பாவி மகளே!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். அதற்கப்புறம் அடங்கவில்லை. சிலர் என்னைப் போலவே தொண்டையைப் பிடித்துக்கொண்டு ஆடிக் காட்டினார்கள். பூச்சி மருந்து குடித்தவர்கள், வாந்தி எடுத்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஈரச் சேலையோடு, முகமெல்லாம் அப்பிய வாழைப்பழத்தோடு, நானும் சிரித்துத் தொலைத்தேன்.

மைதானத்துக்குத் திரும்பி நடந்தோம். எஞ்சிய மீனை என்ன செய்வது, மறுநாள் சித்தப்பா தொட்டியைத் தூக்கத்தான் வேண்டுமா என்று எனக்கு ஒரே கவலை. போய்ப் பார்த்தால் அண்டா காலி.

எங்கள் பின்னால் ஓடி வராமல் அங்கேயே நின்றவர்கள் பாதிப் பேர். குளிரில், வெறும் வயிற்றோடு, அத்தனை நேரம் அந்த வாசனையை முகர்ந்துகொண்டு நின்றவர்கள். யார் முதலில் கேட்டார்கள் என்று தெரியவில்லை. கிராணியின் மனைவி கையில் தட்டு இருந்தது. அதில் ஒரு தலையும் கொஞ்சம் முள்ளும் மட்டும் மிச்சம்.

சித்தி அகப்பையோடு நின்றிருந்தார். வாரக்கணக்கில் பேசாதிருந்தவர், அன்று முதன்முதலாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"உன் பேச்சக் கேட்டு யாரும் சாப்புடல. என் கொழம்பு வாசனைக்குச் சாப்புட்டாங்க. தெரிஞ்சுக்க."

"தெரிஞ்சுக்கிட்டேன் சித்தி" என்றேன். தலையைத் துவட்டிவிட்டார்.

சித்தப்பா மறுநாள் மருந்தடிக்கப் போகவில்லை. சனிக்கிழமை ஹாரன் அடித்ததும் கதவுகள் திறந்தன. சித்தப்பா பெட்டிமேல் ஏறி நின்று, புதிதாக ஒரு கூவலை ஆரம்பித்தார்: "டீச்சர் பாத்த மீனு! டீச்சர் பாத்த மீனு!" கேட்கிறவர்களுக்கு அங்கேயே குடலை எடுத்துக் கொடுக்கவும் செய்தார். திரிங்காப் வரை அந்தக் கூவல் பிரபலமானது. எனக்குப் 'புழு டீச்சர்' என்று பெயர் நிலைத்தது. எண்பதுகளில் பயிற்சி முடித்து, வேறு பள்ளிக்கு மாறிப் போனபோது அங்கே என்னை வரவேற்ற முதல் பையன், "டீச்சர், நீங்கதானே அந்த...?" என்றான். என் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரைத் தனித்தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்து, சித்தப்பா முழுக் கதையையும் நடித்துக் காட்டினார். தொண்டையைப் பிடித்துக்கொண்டு ஆடும் இடத்தில் அவருக்குச் சிரிப்பில் உண்மையாகவே மூச்சடைத்தது.

மீன் சாப்பிட உட்காரும்போதெல்லாம் அவர் என்னிடம் சொல்வார்: "தாயி, பேசுறதுன்னா இப்பப் பேசிரு. நாங்க காத்திருக்கோம்." எல்லோரும் கையைத் தட்டுக்கு மேல் நிறுத்திவிட்டு என்னையே பார்ப்பார்கள். நான் "சாப்புடுங்க" என்ற பிறகுதான் முதல் கவளம். என் தம்பி பிள்ளைகள், சித்தப்பாவின் பேரப்பிள்ளைகள், புதிதாக வந்த மருமகள்கள் எல்லோருக்கும் இது பழக்கமாகிவிட்டது. காரணம் தெரியாத சில குழந்தைகள் அதைச் சாமி கும்பிடுவது போல ஒரு சடங்கு என்றே நினைத்திருந்தன.

எண்பதுகளின் கடைசியில் சித்தப்பா காலமானார். அந்த நுரையீரல் அவருக்கு அதற்கு மேல் தவணை கொடுக்கவில்லை. கடைசி மாதம் வரை லோரியில் போனார். கருமாதி முடிந்து அவருக்குப் பிடித்ததையெல்லாம் படைத்தோம். படைத்ததில் கெம்போங் குழம்பும் இருந்தது. பந்தியில் உட்கார்ந்தோம். இலையில் மீன் வந்தது. யாரும் தொடவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவும் முடியவில்லை. சிறு பிள்ளைகள்கூடக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

மூலையில் சுவரில் சாய்ந்திருந்த சித்தி தலையைத் தூக்கினார். அழுது அழுது குரல் கம்மியிருந்தது.

"என்னடி கமலா, எல்லாரும் காத்திருக்காங்க. பேச மாட்டியா?"

முதலில் யாரோ மூக்கால் சிரித்தார்கள். அஞ்சலை அக்கா என்றுதான் நினைக்கிறேன். பிறகு அந்தச் சாவு வீடு முழுவதும் சிரித்தது. அழுதுகொண்டே சிரித்தது. நான் பேச வாயைத் திறந்தேன், தொண்டை அடைத்துக்கொண்டது. முள் எதுவும் இல்லை. எப்படியோ ஒரு வார்த்தையைச் சொல்லி முடித்தேன்.

"சாப்புடுங்க."

எல்லோரும் சாப்பிட்டார்கள்.